குழுக் கடன், சொசைட்டிக் கடன், நகைக் கடன்: சாகுபடிக்கு எதை எடுப்பது?

மேட்டூர் அணை திறக்கும் ஜூன் 12 நெருங்கும்போது டெல்டாப் பக்கத்து வாசகர்களிடமிருந்து வரும் கேள்விகள் ஏறக்குறைய ஒன்றுபோலவே இருக்கும். "குறுவைக்கு ஐம்பதாயிரம் வேணும். சொசைட்டியில் அடங்கல் (கிராம நிர்வாக அலுவலர் தரும் சாகுபடிச் சான்று) கொண்டா, அப்புறம் வா என்கிறார்கள். மைக்ரோ பைனான்ஸில் ஒரே வாரத்தில் தந்துவிடுவார்கள். எடுக்கலாமா?" திருவண்ணாமலை, விழுப்புரம் பக்கம் மணிலா (நிலக்கடலை) போடுகிறவர்கள், நிலக்கோட்டை மல்லிகைக்காரர்கள், கறவை மாடு வாங்க நினைக்கிறவர்கள் எல்லோரும் இதையேதான் வேறு வேறு விதமாகக் கேட்கிறார்கள்.

பெரும்பாலானோர் வட்டியை மட்டும் பார்த்துவிட்டு முடிவெடுக்கிறார்கள். வட்டி முக்கியம்தான். ஆனால் விளைச்சலைப் பொறுத்தவரை அதைவிடப் பெரிய கேள்வி ஒன்று இருக்கிறது. வயல் எப்போது பணம் தரும், கடன் எப்போது பணம் கேட்கும்? இந்த இரண்டு தேதியும் பொருந்தினால் இருபத்து நான்கு சதவீத வட்டிக் கடன்கூட விவசாயத்துக்கு உதவும். பொருந்தாவிட்டால் அதே கடன் பயிரிலிருந்தே பணத்தை உருவிக்கொண்டு போகும்.

## எதை வைத்து எடைபோடுவது

ஒவ்வொரு கடனையும் ஐந்து கேள்விகளால் உரசிப் பார்க்கிறேன்.

முதலாவது, பணம் பருவத்துக்குள் கையில் வருமா? நெல்லில் தூர் கட்டும் நேரத்து மேலுரம் பத்து நாள் தள்ளிப்போனால் தூர் குறைந்துவிடும், பின்னால் எவ்வளவு கொட்டினாலும் அது திரும்பாது. மணிலாவில் 40, 45 நாளில் மண் அணைக்கும்போது ஏக்கருக்கு 160 கிலோ ஜிப்சம் போட வேண்டும். அந்த வாரம் கையில் காசில்லாமல் விட்டால் காய் பொக்காகும். கடன் விளைச்சலைக் கூட்டுகிறது என்றால் பெரும்பாலும் இப்படித்தான் கூட்டுகிறது: செய்ய வேண்டியதைச் செய்ய வேண்டிய வாரத்தில் செய்ய வைப்பதால்.

இரண்டாவது, தவணை எப்போது தொடங்குகிறது? மூன்றாவது, எல்லாப் பிடித்தமும் போக உண்மையான செலவு எவ்வளவு? நான்காவது, பயிர் தவறினால் என்ன நடக்கும், யார் வீட்டு வாசலில் யார் வந்து நிற்பார்கள்? ஐந்தாவது, இந்தக் கடன் யாருக்குக் கிடைக்கும்? பட்டா யார் பெயரில் இருக்கிறது என்பதிலேயே பலருக்குப் பாதிக் கதவுகள் மூடிவிடுகின்றன. 2015-16 வேளாண் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் பெண்கள் பெயரில் உள்ள சாகுபடிப் பண்ணைகள் எண்ணிக்கையில் சுமார் 14 சதவீதம்தான். வயலில் நாற்று நடுவதும் களை எடுப்பதும் யார் என்று நமக்குத் தெரியும்.

## சிறுகடன் விளைச்சலைக் கூட்டியிருக்கிறதா?

சிறுகடன் என்பது மைக்ரோ பைனான்ஸ் போல ஈடில்லாமல் தரும் சிறிய கடன். அது விளைச்சலைக் கூட்டுகிறதா என்பதற்கு நேரடியான பதில் சொல்லும் ஆய்வுகள் சில உண்டு. மேற்கு வங்கத்தில் ஹூக்ளி, மேற்கு மேதினிப்பூர் மாவட்டங்களில் உருளைக்கிழங்கு விவசாயிகளுக்கு இரண்டு விதமாகக் கடன் கொடுத்துப் பார்த்தார்கள். சில கிராமங்களில் ஐவர் ஐவராகக் குழு சேர்த்துக் கொடுத்தார்கள். வேறு சில கிராமங்களில் யாருக்குக் கொடுக்கலாம் என்று அந்த ஊர் வியாபாரியே பரிந்துரைத்தார். இரண்டுக்கும் வட்டி ஒன்று. திருப்பிக் கட்டும் கெடுவும் ஒன்று, பயிரின் காலத்தை ஒட்டி நான்கு மாதம். வியாபாரி பரிந்துரைத்தவர்களிடம் உருளை உற்பத்தி 27 சதவீதமும் பண்ணை வருமானம் 22 சதவீதமும் கூடின. குழுக் கடன் வாங்கியவர்களிடம் குறிப்பிடும்படியான உயர்வு தெரியவில்லை. கெடு பொருந்தினாலும் அது மட்டும் போதாது, நன்றாக விளைவிப்பவர் கைக்குப் பணம் போக வேண்டும் என்பதையும் இது காட்டுகிறது. தொழில் தெரிந்த சம்சாரி (விவசாயி) யார் என்று ஊர் வியாபாரிக்குத் தெரிந்திருக்கிறது.

ஆப்பிரிக்காவின் மாலி நாட்டில் விதைப்பின்போது கடன் கொடுத்து, அறுவடை முடிந்ததும் மொத்தமாகக் கட்டச் சொன்னார்கள். உரமும் மருந்தும் கூடுதலாக வாங்கப்பட்டன, விளைச்சலும் கூடியது. மொராக்கோ கிராமங்களில் சிறுகடன் போனபோது மக்கள் ஆடுமாட்டிலும் விவசாயத்திலும் கூடுதலாக முதலீடு செய்தார்கள், சொந்தத் தொழில் லாபமும் ஏறியது. ஆனால் கூலிக்குப் போவது குறைந்து அந்த வருமானம் இறங்கியதால் வீட்டுச் செலவுக்குக் கிடைத்த பணம் கூடவில்லை.

கொல்கத்தாவில் சிறுதொழில் செய்பவர்களிடம் நடந்த ஆய்வும் நமக்குப் பயன்படும். வழக்கமாக இரண்டே வாரத்தில் தொடங்கும் தவணையை இரண்டு மாதம் தள்ளி வைத்தபோது அவர்கள் துணிந்து தொழிலில் கூடுதலாகப் போட்டார்கள், லாபமும் உயர்ந்தது. கூடவே கட்டத் தவறியவர்களும் அதிகமானார்கள். நிறுவனங்கள் தவணையை ஏன் உடனே தொடங்குகின்றன என்பதற்கு இதுவே விளக்கம். அவர்களுக்கு அது பாதுகாப்பு, நெல் போடுகிறவருக்கு அதுவே இடைஞ்சல்.

## மைக்ரோ பைனான்ஸ் குழுக் கடன்

நிலப் பத்திரம் வேண்டாம், நகை வேண்டாம், அலைச்சல் இல்லை. ஆதார், வங்கிக் கணக்கு, கூட நாலைந்து பெண்கள் இருந்தால் போதும். பட்டா இல்லாத பெண்ணுக்கும், வாய்மொழிக் குத்தகைக்காரர் வீட்டுக்கும் முறையாகக் கிடைக்கும் கடன் பல ஊர்களில் இது ஒன்றுதான். அந்த அருமையைக் குறைத்துச் சொல்லக் கூடாது. இது இல்லாத காலத்தில் அஞ்சு வட்டி, பத்து வட்டி, மீட்டர் வட்டி என்று ஊர் பட்ட பாடு மறக்கக் கூடியதல்ல.

இப்போது கணக்குக்கு வருவோம். 50,000 ரூபாய், 24 மாதம், குறையும் நிலுவையில் ஆண்டுக்கு 24 சதவீத வட்டி என்று வைத்துக்கொள்ளுங்கள். நம்மூர்ப் பேச்சில் இது ரெண்டு வட்டி, அதாவது நூற்றுக்கு மாதம் இரண்டு ரூபாய். மாதத் தவணை ஏறத்தாழ 2,644 ரூபாய். கடைசிவரை கட்டினால் வட்டி மட்டும் 13,400-க்கு மேல். "இரண்டு வருஷத்துக்குப் பதிமூணாயிரம்தானே, நூத்துக்கு ஒண்ணேகால் ரூபாய்கூட இல்லையே" என்று தோன்றும். ஆனால் ஐம்பதாயிரமும் இரண்டு வருடம் முழுக்க உங்கள் கையில் இருப்பதில்லை. மாதாமாதம் அசல் குறைந்துகொண்டே வருகிறது, அதனால்தான் வட்டி சிறிதாகத் தெரிகிறது. இது போக, செயலாக்கக் கட்டணம் ஒன்றரை சதவீதம் என்றால் ஜிஎஸ்டியோடு 885 ரூபாய். இன்சூரன்ஸ் என்று இன்னொரு தொகை. கைக்கு வருவது 48,000 சொச்சம்.

குறுவைக்காரர் ஜூன் நடுவில் இந்தக் கடனை வாங்குகிறார். ஜூலையில் முதல் தவணை. குறுவை ரகங்கள் ஏறத்தாழ 110 நாள். அறுத்து, கொள்முதல் நிலையத்தில் போட்டு, வங்கிக் கணக்கில் பணம் ஏற அக்டோபர் ஆகிவிடும். அதற்குள் நாலு தவணை, 10,576 ரூபாய் கட்டியாக வேண்டும். வயல் அதுவரை ஒரு பைசா தந்திருக்காது. அந்தப் பத்தாயிரம் எங்கிருந்து வரும்? ஒன்று, வாங்கிய கடனிலிருந்தே எடுத்து வைக்க வேண்டும், அப்படியானால் வயலுக்குப் போவது 37,500 ரூபாய்தான். இல்லையென்றால் நூறு நாள் வேலைக்கோ கூலி வேலைக்கோ போய்க் கட்ட வேண்டும், அப்போது சொந்த வயலில் களை நிற்கும். களையெடுக்க வைத்திருந்த ஆள் கூலி திங்கட்கிழமை டியூவுக்குப் போய்விட்டது, களை பத்து நாள் தள்ளிப்போனது என்று எழுதுகிற வாசகர்கள் உண்டு. விளைச்சல் குறைவது இப்படித்தான். அதைக் கடனின் கணக்கில் யாரும் எழுதுவதில்லை.

இன்னொரு மறைசெலவு பெண்களின் தலையில் விழுகிறது. கடன் மனைவி பெயரில், செலவு கணவர் வயலில், சென்டர் மீட்டிங்கில் (குழுக்களின் வசூல் கூட்டத்தில்) எழுந்து நின்று பதில் சொல்ல வேண்டியது மனைவி. ஒருத்தி கட்டாவிட்டால் மற்றவர்கள் போட்டுக் கட்ட வேண்டிய நெருக்கடி. அக்கம்பக்கத்தில் முகம் முறிந்துபோவதற்கு எந்தக் கணக்குப் புத்தகத்திலும் பத்தி கிடையாது. ஒரு கடனின் தவணை கட்ட இன்னொரு நிறுவனத்தில் வாங்குவது தொடங்கிவிட்டால் அதை நிறுத்துவது மிகவும் கடினம். 2010-ல் ஆந்திராவில் சிறுகடன் நெருக்கடி வெடித்து அரசே அவசரச் சட்டம் போட வேண்டிவந்ததற்கு, ஒரே வீட்டில் பல நிறுவனக் கடன்கள் குவிந்ததும் அதன் பின் வந்த வசூல் கெடுபிடியும்தான் முக்கியக் காரணங்கள்.

அதே நேரம், 2022 ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ள ரிசர்வ் வங்கி விதிகள் வாங்குபவருக்குச் சில பிடிமானங்களைத் தந்திருக்கின்றன. இவற்றைத் தெரியாமல் யாரும் கையெழுத்துப் போட வேண்டாம்.

- ஆண்டுக்கு 3 லட்சம் வரை வருமானம் உள்ள குடும்பத்துக்கு ஈடில்லாமல் தருவதுதான் சிறுகடன். ஈடு என்று எதையும் கேட்கக் கூடாது.
- குடும்பத்தின் எல்லாக் கடன் தவணையும் சேர்ந்து மாத வருமானத்தில் பாதியைத் தாண்டக் கூடாது.
- வட்டி, கட்டணம் எல்லாம் அடங்கிய விவரத் தாளும், புரிகிற மொழியில் கடன் அட்டையும் தர வேண்டும். இன்சூரன்ஸ் போன்றவை விருப்பத்தின் பேரில்தான்.
- காலை 9 மணிக்கு முன்பும் மாலை 6 மணிக்குப் பின்பும் வசூலுக்கு வரக் கூடாது. மிரட்டல், வசைச்சொல், உறவினரைத் தொந்தரவு செய்வது எல்லாமே தடை செய்யப்பட்டவை.
- முன்கூட்டியே கட்டி முடித்தால் அபராதம் கிடையாது.

கடைசி விதியைத்தான் சம்சாரிகள் அதிகம் பயன்படுத்த வேண்டும் என்பேன். மேலே சொன்ன கடனை நாலு தவணைக்குப் பின் அக்டோபரில் மொத்தமாக முடித்தால் நிலுவை 43,226 ரூபாய்தான். அதுவரை கட்டிய வட்டி ஏறத்தாழ 3,800. பதிமூவாயிரம் நாலாயிரத்துக்குள் நின்றுவிடும். அறுவடைப் பணம் வந்த வாரத்திலேயே இதைச் செய்ய வேண்டும். "இருக்கட்டும், மாசாமாசம் கட்டிக்கலாம்" என்று விட்டால் அந்தப் பணம் வேறெங்கோ போய்விடும், அடுத்த சாகுபடியிலும் தவணை கூடவே வரும்.

எங்கே இது நல்ல தேர்வு: வாரமோ பத்து நாளோ மாதமோ பணம் வரும் தொழில்களில். கறவை மாடு இதற்கு நல்ல உதாரணம். ஒரு கலப்பின மாடு நாளைக்கு 8 லிட்டர் தருகிறது, லிட்டர் 38 ரூபாய் என்று கணக்கிட்டால் மாதம் 9,000 ரூபாயைத் தாண்டும். தீவனத்துக்குப் பாதிக்கு மேல் போனாலும் 2,644 ரூபாய்த் தவணை அதிலிருந்தே வந்துவிடும். ஒரு எச்சரிக்கை: சினை மாடு கன்று போடுவதற்கு முந்தைய இரண்டு மாதம் பால் வற்றும், தவணை வற்றாது. அந்த ஐயாயிரத்து முந்நூறு ரூபாயைப் பால் இருக்கும்போதே தனியாக எடுத்து வையுங்கள். மல்லிகை, கீரை, வெண்டை, கத்தரி போன்றவையும் பறிப்பு தொடங்கிய பிறகு இந்தத் தவணையைத் தாங்கும். பறிப்பு தொடங்கும் முன் இரண்டு மூன்று மாதம் இழுக்கும் என்றால் கடனையும் அந்த அளவு தள்ளி வாங்குங்கள்.

## சொசைட்டிப் பயிர்க்கடன்

செலவில் இதற்கு ஈடு எதுவும் இல்லை. தமிழ்நாட்டில் தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கத்தில் பயிர்க்கடன் வாங்கி, கெடுவுக்குள் கட்டினால் வட்டியே இல்லை. பயிர்க்கடன் 3 லட்சம் வரை. அதைவிட முக்கியம், மொத்தமாக ஒரே தடவை, அறுவடைக்குப் பின் கட்டினால் போதும். மேற்கு வங்கத்திலும் மாலியிலும் கெடுவைப் பயிரோடு ஒட்டிவைத்த அதே ஏற்பாடு நமக்குப் பல ஆண்டுகளாக வீட்டு வாசலில் இருக்கிறது. அதை மனதில் வைத்துத்தான் மற்றக் கடன்களைப் பார்க்க வேண்டும்.

மறைசெலவு காலத்தில் இருக்கிறது. சிட்டா, பட்டா நகல், வி.ஏ.ஓ. தரும் அடங்கல், ஆதார், சங்க உறுப்பினர் ஆவதற்கான பங்குத் தொகை எல்லாம் சேர்த்துக்கொண்டு போனால் செயலாளர் இல்லை, நிதி வரவில்லை, அடுத்த வாரம் வா. அடியுரம் போட வேண்டிய நாளில் பணம் வராவிட்டால் பூஜ்ஜிய வட்டிக்கு அர்த்தம் போய்விடுகிறது, அந்த இடைவெளியை யாரோ ஒருவரின் அஞ்சு வட்டி நிரப்புகிறது. அதனால் சொசைட்டிக்கு ஜூனில் போகாதீர்கள். ஏப்ரல், மே மாதத்திலேயே காகிதங்களைத் தயார் செய்து, உறுப்பினர் பெயர், பங்குத் தொகை, பழைய நிலுவை மூன்றையும் சரிபார்த்துவிடுங்கள். கடனில் ஒரு பகுதி உரமாகவே வரும், அது உங்கள் பயிருக்குத் தேவையான உரம்தானா, மூட்டைகள் உங்கள் பெயரில் எழுதிய அளவுக்கு இருக்கிறதா என்று எண்ணி வாங்குங்கள்.

இன்னொரு மறைசெலவு, தள்ளுபடிக்காகக் காத்திருப்பது. 2016-லும் 2021-லும் கூட்டுறவுப் பயிர்க்கடன்கள் தள்ளுபடி ஆயின. 2021-ல் மட்டும் 16.43 லட்சம் விவசாயிகளின் 12,110 கோடி ரூபாய். அது பலரைத் தூக்கிவிட்டது, மறுக்கவே முடியாது. ஆனால் அடுத்த தள்ளுபடி வரும் என்று கெடுவைத் தாண்டவிட்டால் வட்டியில்லாக் கடன் வட்டியும் அபராத வட்டியும் உள்ள கடனாக மாறும். தவணை தவறியவருக்குப் புதுக்கடனும் கிடைக்காது. அடுத்த பருவத்துக்கு அவர் போய் நிற்கப்போவது மைக்ரோ பைனான்ஸ் வாசலில்தான்.

குத்தகைக்காரருக்கு இந்தக் கதவு அரைகுறையாகத்தான் திறக்கிறது. டெல்டாவில் கோயில், மட நிலங்களைக் குத்தகைக்கு உழுபவர்கள் ஏராளம். தமிழ்நாட்டில் குத்தகை உரிமையைப் பதிவு செய்ய 1969-லேயே சட்டம் வந்திருக்கிறது. பதிவு செய்தவர் அல்லது அடங்கலில் சாகுபடியாளராகப் பெயர் உள்ளவர் முயன்று பார்க்கலாம். வாய்மொழிக் குத்தகைதான் என்றால் ஊரக வளர்ச்சி வங்கியான நபார்டு வகுத்த கூட்டுப் பொறுப்புக் குழு வழி இருக்கிறது: நாலு முதல் பத்துப் பேர் சேர்ந்து ஒருவருக்கொருவர் பொறுப்பேற்று வங்கியில் கடன் பெறுவது.

## கிசான் கடன் அட்டை

1998-ல் தொடங்கிய இந்த அட்டை ஐந்து ஆண்டுக்குச் செல்லும். 3 லட்சம் வரை 7 சதவீத வட்டி, கெடுவுக்குள் கட்டினால் 3 சதவீதம் திரும்பக் கிடைத்து 4 சதவீதமாகிறது. 2025 ஜனவரி முதல் 2 லட்சம் வரை ஈடு கேட்கக் கூடாது. பயிர்ச் செலவோடு வீட்டுத் தேவைக்கும் பண்ணைப் பராமரிப்புக்கும் ஒரு பங்கு சேர்த்தே வரம்பை நிர்ணயிப்பார்கள். ஏடிஎம்மில் தேவைப்பட்ட வாரம் தேவைப்பட்ட அளவு எடுக்கலாம், எடுத்த தொகைக்கு மட்டும் வட்டி. உரத்துக்கு ஒரு தடவை, களைக்கு ஒரு தடவை என்று செலவழிக்கும் நெல்லுக்கும் மஞ்சளுக்கும் இது மிகவும் வசதியான அமைப்பு.

சிக்கல் புதுப்பிக்கும் நாளில் வருகிறது. முழுத் தொகையையும் கட்டி மறுபடி எடுக்க வேண்டும். கையில் இல்லாதவர்கள் அந்த இரண்டு மூன்று நாளுக்கு வெளியே கைமாற்று வாங்கிக் கட்டி, எடுத்துத் திருப்பித் தருகிறார்கள். அந்த மூன்று நாள் கைமாற்றுக்கு ஆயிரமோ இரண்டாயிரமோ போனால் நான்கு சதவீதக் கடன் அந்த ஆண்டுக்கு எவ்வளவாகிறது என்று கூட்டிப் பாருங்கள். புதுப்பிக்கும் தேதியை அறுவடைக்கு அடுத்த மாதமாக விழும்படி முதல் தடவையே கேட்டு வாங்குவது நல்லது. மாடு, ஆடு, மீன் வளர்ப்புக்கும் இந்த அட்டை உண்டு, பலர் கேட்பதே இல்லை.

## நகைக் கடன்

வேகத்தில் மைக்ரோ பைனான்ஸை மிஞ்சும், காலையில் போனால் மதியம் பணம். பொதுத்துறை வங்கியில் ஒன்பது சதவீதத்தை ஒட்டிய வட்டி என்றால் 50,000 ரூபாய்க்கு நாலு மாதத்துக்கு 1,500 ரூபாய். இடையில் தவணை இல்லை. ஆண்டுக் கெடுவில் அறுவடை முடிந்து மீட்கலாம். குறுகிய காலப் பயிருக்கு, சொசைட்டிப் பணம் தாமதமாகும்போது, வீட்டில் நகை இருந்தால், நான் முதலில் சொல்வது இதைத்தான்.

விலை வேறு இடத்தில் கொடுக்கிறோம். பயிர் தவறினால் போவது மனைவியின் நகை, பல வீடுகளில் அவளுக்கென்று இருக்கும் ஒரே சொத்து. அதனால் மழையை நம்பிய மானாவாரிக்கு முழு நகையையும் வைக்க வேண்டாம். தனியார் அடகுக் கடைகளில் வட்டி இரண்டு மடங்குக்கு மேலும் போகும், ஏலத் தேதியும் சீக்கிரம் வரும். ரசீதில் எடை, கழிவு, கெடு மூன்றையும் அங்கேயே நின்று படித்துப் பாருங்கள்.

## மகளிர் சுய உதவிக் குழு

வெளியிலிருந்து பார்த்தால் இதுவும் மைக்ரோ பைனான்ஸும் ஒன்றுபோலத் தெரியும், உள்ளே வேறு வேறு. 1992-ல் நபார்டு தொடங்கிய வங்கி இணைப்புத் திட்டத்தில் குழு தன் சேமிப்பை முதலில் வைத்து, தன் விதிகளைத் தானே எழுதுகிறது. உறுப்பினரிடம் வாங்கும் வட்டி குழுவின் நிதியிலேயே சேர்கிறது. முக்கியமான வித்தியாசம்: தவணையை எப்படி வைப்பது என்று தீர்மானம் போடும் உரிமை குழுவுக்கு இருக்கிறது. "நடவுக்கு வாங்கியவர்கள் மாதாமாதம் வட்டி மட்டும், அறுவடையில் அசல்" என்று, குழு தன் நிதியிலிருந்து உறுப்பினருக்குத் தரும் உள்கடனுக்குத் தீர்மானம் எழுதலாம். எழுதுகிற குழுக்கள் குறைவு என்பது வருத்தம்தான்.

வங்கியிலிருந்து வரும் பெரிய கடனைத் தேவை பார்க்காமல் தலைக்குச் சமமாகப் பிரிப்பது பல குழுக்களின் பழக்கம். மாடு வாங்க 60,000 வேண்டியவருக்கு 30,000 கிடைக்கும், எதுவும் தேவைப்படாதவருக்கும் 30,000 கிடைத்து அது செலவழிந்துவிடும். மீதி முப்பதுக்கு முன்னவர் வெளியே போவார். கணக்கு எழுதத் தெரிந்த ஒரே உறுப்பினரைச் சார்ந்திருப்பது அடுத்த பலவீனம்.

## மண்டி முன்பணம்

பூ, காய்கறி மண்டியில் வட்டி என்ற பேச்சே வராது. சரக்கு முழுவதும் அங்கேதான் போட வேண்டும், கமிஷன் பத்து சதவீதத்தை ஒட்டி. கமிஷன் எங்கே போட்டாலும் உண்டு. உண்மையான வட்டி என்பது அடுத்த மண்டியில் கிலோவுக்கு இருபது ரூபாய் கூட விற்றாலும் உங்களால் அங்கே போக முடியாமல் நிற்பது. சீசனில் 300 கிலோ மல்லிகை என்றால் அது 6,000 ரூபாய். ஆனாலும் நல்ல மண்டிக்காரர் பயிர் தவறிய ஆண்டில் பொறுத்துக்கொள்வார், அடுத்த சீசனுக்கும் கொடுப்பார். அந்த ஆள் யார் என்பதைப் பொறுத்துத்தான் எல்லாம். முன்பணம் எவ்வளவு, எத்தனை சீசனில் கழியும் என்று எழுதி வாங்குங்கள்.

## 50,000 ரூபாய், நாலு மாதம்: பக்கத்தில் பக்கத்தில்

| கடன் | நாலு மாதச் செலவு | பணம் வர | அறுவடைக்கு முன் கட்ட வேண்டியது | பயிர் தவறினால் |
|---|---|---|---|---|
| சொசைட்டி | 0, கெடுவுக்குள் கட்டினால் | தாமதமாகலாம் | எதுவும் இல்லை | கெடு தாண்டினால் வட்டி, புதுக்கடன் நிற்கும் |
| கிசான் அட்டை (4 சதவீதம்) | 667 | முதல் தடவை தாமதம், பிறகு உடனே | எதுவும் இல்லை | சலுகை போகும், நிலுவை ஏறும் |
| வங்கி நகைக் கடன் (9 சதவீதம்) | 1,500 | அன்றே | எதுவும் இல்லை | நகை ஏலம் |
| சுய உதவிக் குழு (12 சதவீதம்) | 2,000 வரை | குழுவின் முறைப்படி | தீர்மானத்தைப் பொறுத்து | குழு பேசித் தீர்க்கலாம் |
| மைக்ரோ பைனான்ஸ் (24 சதவீதம்) | 3,800 + கட்டணம் 885 | சில நாள் | 10,576 | தவணை நிற்காது, குழு நெருக்கடி |
| அஞ்சு வட்டி | 10,000 | உடனே | வட்டி மாதாமாதம் | சொல்ல வேண்டியதில்லை |

சதவீதங்கள் கணக்குக்காக வைத்தவை. உங்களுக்குச் சொல்லப்படும் வட்டியைப் போட்டு மறுபடி கணக்கிட்டுக்கொள்ளுங்கள்.

## யாருக்கு எது

சொந்த நிலம், நெல் அல்லது மணிலா: சொசைட்டி அல்லது கிசான் அட்டை. ஒரே நிலத்துக்கு, ஒரே பயிருக்கு இரண்டு இடத்திலும் வாங்க முடியாது, எது உங்கள் ஊரில் நேரத்துக்கு வருகிறதோ அது. தாமதமானால் இடைவெளிக்கு வங்கி நகைக் கடன். பயிர்க் காப்பீட்டைக் கடனோடு சேர்த்தே கேட்டுப் பதிவு செய்யுங்கள். பிரதமர் திட்டத்தில் உணவுப் பயிர்களுக்கு விவசாயி கட்டுவது காரீப்பில் (மழைக்காலப் பருவம்) 2, ராபியில் (குளிர்காலப் பருவம்) 1.5 சதவீதம்தான். 2020 காரீப் முதல் இது விருப்பத்தின் பேரில் என்பதால், பதிவாகியிருக்கும் என்று நினைத்துச் சும்மா இருந்துவிடாதீர்கள்.

வாய்மொழிக் குத்தகை: கூட்டுப் பொறுப்புக் குழு, இல்லையென்றால் சுய உதவிக் குழு உள்கடன். இரண்டும் இல்லாத ஊரில் மைக்ரோ பைனான்ஸ் எடுக்க நேர்ந்தால் நாலு தவணைக்கான பணத்தை முதல் நாளே தனிக் கணக்கில் போட்டுவிட்டு, மீதிக்குள் சாகுபடியைத் திட்டமிடுங்கள். ஒரு ஏக்கர் குறைவாக நட்டாலும் பரவாயில்லை, நட்டதற்கு உரமும் களையும் தவறக் கூடாது.

கறவை மாடு, பறிப்பில் உள்ள பூ, காய்கறி: சுய உதவிக் குழு முதலில், மைக்ரோ பைனான்ஸ் அடுத்து. மாடு பராமரிப்புக்கான நடைமுறைக் கடன் சொசைட்டியிலும் உண்டு என்பதைக் கேட்டுப் பாருங்கள்.

கிணறு, ஆழ்துளை, சொட்டுநீர்: குறுகிய காலக் கடன் எதுவுமே இதற்குச் சரிவராது. பலன் வர வருடங்கள் ஆகும் முதலீட்டை மாதத் தவணையில் செய்து நொடிந்த குடும்பங்கள் அதிகம். வங்கியில் நீண்ட காலக் கடனும் சொட்டுநீருக்கான மானியமும் மட்டுமே.

விளைந்த சரக்கை வைத்திருக்கத் தேவை: மஞ்சள், மணிலா, பயறு வகைகளுக்கு ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்தில் இருப்பு வைத்துப் பொருளீட்டுக் கடன் வாங்கலாம். கென்யாவில் மக்காச்சோளத்தை அறுவடையின்போதே விற்காமல் வைத்திருக்கக் கடன் கொடுத்தபோது விவசாயிகள் விலை ஏறியபின் விற்றுக் கூடுதல் வருமானம் பார்த்தார்கள். விளைச்சல் கூடாமலேயே வருமானம் கூடும் வழி இது.

ஏற்கெனவே இரண்டு மூன்று மைக்ரோ பைனான்ஸ் கடன் இருப்பவர்கள்: இந்தப் பருவத்துக்குப் புதுக்கடன் வேண்டாம். வட்டி அதிகமான, நிலுவை குறைவான கடனை முதலில் முடிக்கப் பாருங்கள். வங்கி நகைக் கடன் எடுத்தாவது அதை அடைப்பது பெரும்பாலும் லாபம். வசூலில் அத்துமீறல் நடந்தால் முதலில் அந்த நிறுவனத்தின் குறைதீர்ப்புப் பிரிவில் எழுத்தில் கொடுங்கள், பதில் சரியில்லை என்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளருக்கு எழுதலாம், வழி கேட்க 14448 என்ற எண் இருக்கிறது. கட்டாய வசூலுக்குச் சிறைத் தண்டனை விதிக்கும் சட்டத்தையும் தமிழக சட்டப்பேரவை 2025-ல் நிறைவேற்றியிருக்கிறது.

எந்தக் கடனை முடித்தாலும் முடித்ததற்கான சான்றை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். இரண்டு மாதம் கழித்து கிரெடிட் அறிக்கையில் அது மூடப்பட்டதாகப் பதிவாகியிருக்கிறதா என்றும் பாருங்கள். அங்கே திறந்தபடியே கிடக்கும் ஒரு பழைய குழுக் கடன்தான் பலருக்கு அடுத்த சம்பாவின்போது வங்கிக் கடனைத் தட்டிவிடுகிறது.